தவக்காலத்து ஆர்செனிக்

நச்சு ஆய்வகங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே,

உங்களில் பாதிப் பேர் இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். ஃப்ரீவேயில் கார் ஓட்டிக்கொண்டே விக்டோரியா காலத்துக் கொலைக் கதைகளைப் பாட்காஸ்டில் கேட்டிருப்பீர்கள். லண்டன் மூடுபனி, எரிவாயு விளக்கு, கஞ்சியில் கலந்த ஆர்செனிக், கறுப்பு உடுப்பில் அழாமல் நிற்கும் ஒரு மனைவி. கேட்டுக் கேட்டு, நாமும் இப்படி ஒருத்தியைக் கையும் களவுமாகப் பிடித்தால் என்ன என்று ஆசை வந்திருக்கும். எனக்கும் வந்ததுதான். டாலஸ் பக்கத்தில் ஒரு கவுன்டி அரசு ஆய்வகத்தில் காலம் தள்ளி ஓய்வு பெற்று, இப்போது பக்கத்து ஊரான காப்பெலில் ரோஜாச் செடிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த ஆசை எவ்வளவு பொல்லாதது என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு வழக்கு. அதைச் சொல்லத்தான் உங்களைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் என் முதல் மேலாளரைப் பற்றி இரண்டு வார்த்தை. பச்சை டெக்சஸ்காரர். தன் அறையில் விக்டோரியா காலத்து விஷ வழக்குகளைப் பற்றிய புத்தகங்களாகவே ஓர் அலமாரியை நிரப்பி வைத்திருந்தார். நான் சேர்ந்த வாரத்திலேயே என் கையில் ஒன்றைத் திணித்து, "கொலைகாரனைப் பார்த்து வாயைப் பிளக்காதே. விஷத்தைச் சோதித்தவன் எங்கே சறுக்கினான் என்று பார்" என்றார்.

பார்த்தேன். தலை சுற்றியது. தன்னோடு வாழ்ந்த பெண்ணை ஒரு டாக்டர் விஷம் வைத்துக் கொன்றார் என்று வழக்கு. இங்கிலாந்திலேயே பெரிய நிபுணர் என்று பெயர் எடுத்தவர், ஆர்செனிக் இருக்கிறது என்று முதலில் சொல்லிவிட்டார். பிறகு பார்த்தால், சோதனைக்கு அவர் பயன்படுத்திய செம்புக் கம்பியிலேயே ஆர்செனிக் இருந்திருக்கிறது. அதை நீதிமன்றத்தில் அவரே ஒப்புக்கொண்டார். அப்படியும் அந்த டாக்டருக்குத் தூக்கு என்றார்கள். மன்னிப்பு பிறகுதான் வந்தது. இன்னொன்று லிவர்பூலில் நடந்தது. அமெரிக்காவில் பிறந்த ஒரு பெண் ஈ கொல்லும் தாளைத் தண்ணீரில் ஊறப்போட்டாள். முகத்துக்குப் பூச என்றாள். நோயில் கிடந்த கணவன் கேட்டதால் ஒரு பொடி கொடுத்தேன் என்றும் சொன்னாள். அவனோ தெம்புக்காக ஆர்செனிக் தின்று பழகியவன். ஆனால் அவளுக்கு வேறொருவனோடு தொடர்பு என்று வெளிவந்த பிறகு, விஷம் எங்கிருந்து வந்தது என்பதில் யாருக்கு அக்கறை? பல வருடம் சிறையில் கிடந்தாள். அவள் செய்தாளா இல்லையா என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள்.

தலைகீழாகவும் நடந்திருக்கிறது. விக்டோரியா மகாராணியின் கடைசிக் காலத்தில் மான்செஸ்டர் பக்கம் பீர் குடித்தவர்களுக்குக் கால் மரத்துப்போனது. குடிகாரன் கால் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர்கள் கைகழுவிவிட்டார்கள். உண்மையில் பீரிலேயே ஆர்செனிக் கலந்திருந்தது. ஆளைப் பார்த்ததுமே முடிவு கட்டிவிட்டார்கள். இந்தப் பழைய கதைகளில் எனக்குப் பயம் தருவது இதுதான்.

இனி வழக்குக்கு வருகிறேன். நான் ஆய்வகத்தில் நச்சுப் பிரிவுக்குத் தலைவியாக இருந்தபோது, ஒரு மார்ச் மாதக் காலையில் துப்பறியும் அதிகாரி ஒருவர் பனிக்கட்டிப் பெட்டியோடு வந்தார். இளைஞர், கெட்டிக்காரர், மரியாதை தெரிந்தவர். விக்டோரியா காலக் கதைகளில் உங்களைவிடப் பெரிய பைத்தியம். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில்தான். என் தமிழில் சொல்கிறேன்.

"மேடம், நம்ம காலத்துல இப்படி ஒரு கேஸ் வரும்னு நான் நினைச்சுக்கூடப் பார்க்கலை" என்றார். கண் மின்னியது.

பக்கத்து ஊரில் ஒரு தமிழ்க் குடும்பம். பெயர்களை மாற்றித்தான் சொல்கிறேன். கணவன் அந்தோணி, மென்பொருள் வேலை. மனைவி மெர்சி. டேகேருக்குப் போகும் ஒரு மகள். தூத்துக்குடியிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருக்கும் மாமியார். அந்தோணிக்கு முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு. தேறிவிட்டார் என்று நினைத்தபோது பாதம் மரத்துப்போனது. பிறகு கால் விழுந்தது. மருத்துவமனையில் சேர்த்த கையோடு மூச்சும் திணறி, வென்டிலேட்டரில் போட்டுவிட்டார்கள். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாத நிலை. சேர்த்த அன்று எடுத்த சிறுநீரில் ஆர்செனிக் எக்கச்சக்கம். அதன் மீதிதான் அந்தப் பெட்டியில் இருந்தது.

"இதைக் கேளுங்க. நர்ஸ்கிட்ட அந்த மனைவியே அழுதுகிட்டுச் சொல்லியிருக்காங்க. 'என் தப்புதான். நான்தான் கொடுத்தேன். நான் கொடுத்ததாலதான் இப்படி ஆயிட்டார்'னு. என்ன கொடுத்தீங்கன்னு கேட்டா, மாமியாரைப் பார்த்துட்டு வாயை மூடினவங்கதான். அதுக்கப்புறம் யார் கேட்டும் பதில் இல்லை. இப்ப ஒரு வக்கீலும் வச்சிருக்காங்க."

வீட்டைச் சோதனை போட்டதில், சமையலறையில் தமிழ்ச் செய்தித்தாளில் மடித்த வெள்ளைக் கட்டி ஒன்று கிடைத்தது. அதையும் கொண்டுவந்திருந்தார்.

"முதல்ல வயிறு, அப்புறம் கால். வெள்ளைப் பொருள். பக்கத்துலயே இருந்து பார்த்துக்கற மனைவி. நர்ஸ்கிட்ட ஒப்புதல். லிவர்பூல் கேஸ் அப்படியே திரும்ப வந்திருக்கு மேடம்."

"எனக்கும் அதே பயம்தான்" என்றேன். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு சிரித்தார். ஆனால் உங்களிடம் மறைப்பானேன், கேட்கக் கேட்க என் உடம்பும் சிலிர்த்தது. அலமாரி நிறையப் படித்த கதை ஒன்று சோதனைக் குழாயில் வந்து நின்றால் யாருக்குத்தான் சிலிர்க்காது?

பொட்டலத்தைப் பிரித்தேன். பார்த்ததுமே தெரிந்தது, படிகாரம். எங்கள் வீட்டில் அப்பா சவரம் முடித்துவிட்டுக் கன்னத்தில் தேய்ப்பார். ஆனாலும் தெரியும் என்று சொல்லி ஒதுக்கிவைக்கவில்லை. படிகாரத்துக்குள் வேறொன்றை ஒளித்துவைக்கிற மூளை ஒரு கொலைகாரிக்கு இருக்காதா? முறைப்படி சோதித்தேன். வெறும் படிகாரம். அதிகாரியின் முகம் கொஞ்சம் வாடியது.

சிறுநீரை நானே சோதித்தேன். மருத்துவமனை சொன்ன அளவுதான் எனக்கும் வந்தது. அது சரியான எண். அதில் பிழையே இல்லை. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆர்செனிக்கில் ரகம் உண்டு. ஒன்று ஆளைக் கொல்லும் பாஷாணம். இன்னொன்று கடல் மீனிலும் நண்டிலும் இறாலிலும் இருப்பது. அது உடம்பை ஒன்றும் செய்யாமல் சில நாட்களில் வந்த வழியே போய்விடும். மொத்தமாக அளக்கும் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். ரகம் பிரித்துப் பார்க்க வேறொரு சோதனை வேண்டும். அந்த வசதி அன்று எங்களிடம் இல்லை. வேறு மாநிலத்துக்கு அனுப்பி நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

"கடல் உணவு சாப்பிட்டாரான்னு கேட்டாங்களா?" என்றேன்.

"முதல் நாளே கேட்டுட்டாங்க. 'கடல் உணவு இல்லை, குடும்பமே சமய விரதம், சுத்த சைவம்'னு கேஸ் ஷீட்ல இருக்கு. அந்தக் கதவும் மூடியாச்சு."

"பதில் சொன்னது யாரு?"

அவர் தாள்களைப் புரட்டினார். மனைவிக்கு ஆங்கிலம் தெரியும், ஆனால் அந்தப் பதற்றத்தில் வாய் வரவில்லை. அதனால் சர்ச்சில் பழக்கமான ஒரு அங்கிள் நடுவில் நின்று மொழிபெயர்த்தார். பதில் சொன்னது மாமியார். மனைவி தலையாட்டியிருக்கிறாள்.

"என்ன விரதம்?"

"லென்ட். பையனுக்கு கிரீன் கார்டு கிடைக்கணும்னு ஏதோ மாதாவுக்கு வேண்டிக்கிட்டாங்களாம். வீட்ல எல்லாருமே மீன், கறி எதுவும் தொடக் கூடாதாம்."

நானும் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவள்தான். தவக்காலம் வந்தால் எங்கள் வீட்டில் முட்டைகூட உடையாது. ஆனால் என் சித்தப்பாவுக்கு மட்டும் அந்த நாற்பது நாளும் அடிக்கடி தலைவலி வரும். மாத்திரை வாங்கப் போகிறேன் என்று கிளம்புவார்; பிரியாணி வாசத்தோடு திரும்புவார். கேட்டால் மாதா மேல் சத்தியம் செய்வார். மாதாவுக்கு நேர்ந்துகொண்ட மாமியார் பக்கத்தில் நிற்க, சர்ச் அங்கிள் எதிரே நிற்க, "மீன் சாப்பிட்டாரா?" என்று கேட்டால் எந்த மருமகள் ஆமாம் என்பாள்? அந்தக் கேள்விக்கு அந்த அறையில் ஒரே பதில்தான் உண்டு.

இப்படி நினைத்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, என் மேலேயே. இது உண்மை என்பதால் தோன்றுகிறதா, அவள் நம் பெண் என்பதால் தோன்றுகிறதா? நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியவில்லை.

அதற்குள் இயக்குநர் கூப்பிட்டார். அரசு வழக்கறிஞர் அலுவலகம் அவரை நச்சரித்துக்கொண்டிருந்தது. அன்று மாலைக்குள் கையெழுத்திட்ட அறிக்கை போனால் வாரண்ட் வாங்கி, மருத்துவமனை வாசலிலேயே மெர்சியைக் கைது செய்வார்கள். மாமியார் விசிட்டர் விசாவில் வந்தவர், அவரிடம் பிள்ளையை ஒப்படைக்க மாட்டார்கள். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இந்த நாட்டில் வேறு யாரும் இல்லை. எனவே குழந்தையை முன்பின் தெரியாத ஒரு வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள்.

"உங்க நம்பர் சரிதானே?" என்றார் இயக்குநர்.

"சரிதான்."

"ஆஸ்பத்திரி நம்பரோட ஒத்துப்போகுதா?"

"போகுது."

"அப்புறம் என்ன யோசனை? நம்பர் சொல்றதுதான் நம்ம வேலை. அர்த்தம் சொல்றது கோர்ட் வேலை." கொஞ்சம் நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க உங்க கம்யூனிட்டி. அதனாலதான் தயங்கறீங்களா?"

சுருக்கென்றது. கோபத்தில் கத்தியிருப்பேன். ஆனால் அந்தக் கேள்வியை ஐந்து நிமிடம் முன்னால் நானே என்னிடம் கேட்டிருந்தேன். அவர் கேட்டால் மட்டும் எப்படிக் கோபப்படுவது? "அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. வேற யாரை வேணும்னாலும் சோதிக்கச் சொல்லுங்க. இதே நம்பர்தான் வரும், எந்த ரக ஆர்செனிக்னு தெரியாத இதே ஓட்டையும் இருக்கும்" என்றேன்.

இவ்வளவு வீராப்பாகப் பேசிவிட்டு என் அறைக்கு வந்தால், சாப்பாட்டு டப்பாவைத் திறக்க முடியவில்லை. அவள்தான் செய்திருந்தால்? வாயில்லாப் பிள்ளை ஒன்று அந்த வீட்டில் அவளோடுதான் இருக்கிறது. நான் ரகம் பிரித்துக்கொண்டிருக்கும் நாட்களில் அந்தப் பிள்ளையின் பால் பாட்டிலில் ஏதாவது விழுந்தால்? நிரபராதியைக் காப்பாற்றினோம் என்ற பெருமைக்காக ஒரு குழந்தையைப் பணயம் வைக்கிறேனா? தம்பி தங்கைகளே, இந்த நேரத்தில் உங்களுக்கு எந்தக் கருவியும் துணைக்கு வராது. பயமாக இருக்கும்.

அந்தப் பயத்தோடு யோசித்ததில் ஒன்று தெளிந்தது. காவல் வேறு, குற்றச்சாட்டு வேறு. குழந்தையைப் பாதுகாக்க வேண்டுமானால் வீட்டில் ஒரு ஆளை வையுங்கள். கணவனைப் பாதுகாக்க வேண்டுமானால் அறையில் ஒரு நர்ஸை உட்கார வையுங்கள். அவற்றை இன்றே செய்யலாம், தவறாகப் போனாலும் நாளை திருத்திக்கொள்ளலாம். கொலைகாரி என்று கைவிலங்கு மாட்டிவிட்டால் அதைத் திருத்த முடியாது. லிவர்பூல் பெண்ணுக்கு யார் திருத்தினார்கள்?

அறிக்கையை எழுதினேன். எண்ணை அப்படியே போட்டேன். அதற்குக் கீழே, "இந்த அளவு விஷ ஆர்செனிக்கா, உணவில் வரும் ஆர்செனிக்கா என்று இந்தச் சோதனையால் சொல்ல முடியாது, இதை வைத்து விஷம் கொடுக்கப்பட்டது என்ற முடிவுக்கு வரக் கூடாது" என்று எழுதினேன்.

இயக்குநர் படித்தார். "இந்த வரி இருந்தா வாரண்ட் கிடைக்காது."

"தெரியும்."

"எடுத்துடுங்க."

"எடுத்தா என் கையெழுத்து இருக்காது."

அவர் கண்ணாடிச் சுவர் வழியாக வெளியே பார்த்தார். அங்கே என் பிரிவில் வேலை பார்க்கும் நான்கைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டு மும்முரமாக வேலை செய்வதுபோல் இருந்தார்கள். அவர்களில் யாரையாவது கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கியிருக்கலாம். கூப்பிடவில்லை. "இது தப்பாப் போனா நான் உங்க பக்கம் நிக்க மாட்டேன்" என்றார். நிற்க மாட்டார் என்று எனக்கும் தெரியும். வரியோடு அறிக்கை போனது; வீட்டுக்கும் மருத்துவமனை அறைக்கும் காவல் வைக்கச் சொல்லும் குறிப்பும் கூடவே போனது.

அவருடைய அனுமதியோடு மருத்துவமனையின் நரம்பு டாக்டரைத் தொலைபேசியில் பிடித்தேன். "எங்க நம்பரே வரலைன்னு வச்சுக்கோங்க. இந்த நோயாளியைப் பார்த்து என்ன நினைச்சிருப்பீங்க?"

அவர் மெல்லச் சொன்னார். வயிற்றுக் கிருமி வந்து போன பிறகு, உடம்பின் தற்காப்பே நரம்புகளைத் தாக்கும் ஒரு நோய் உண்டு. முதல் நாள் அதைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார். "ஆர்செனிக்னு வந்ததும் வேற எதையும் தேடறதை நிறுத்திட்டோம்."

"அதுக்கான சிகிச்சையை இப்ப ஆரம்பிச்சா கெடுதல் உண்டா?"

"பெருசா இல்லை. ஆனா தள்ளிப்போட்டாக் கெடுதல் உண்டு."

"அப்படின்னா எனக்காகக் காத்திருக்காதீங்க" என்றேன். அன்றே ஆரம்பித்தார்கள்.

மிச்சம் இருந்தது துப்பறியும் அதிகாரி. வரவேற்பறையில் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையில் கிடைத்த மகாராணி காலத்துக் கதையை நான் பிடுங்கிக்கொண்ட கோபம் அவருக்கு.

"அவ வக்கீல் சம்மதிச்சா, ஒரே ஒரு கேள்வியைத் திரும்பக் கேளுங்க" என்றேன். "மாமியார் அந்த ரூம்ல இருக்கக் கூடாது. சர்ச் அங்கிளும் கூடாது. டாலஸ் பக்கத்துத் தமிழ் ஆளே வேண்டாம். இங்க எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம், சாயங்காலத்துக்குள்ள வாட்ஸ்அப்ல வந்துரும். போன்ல வெளியூர் மொழிபெயர்ப்பாளர் யாரையாவது பிடிங்க. என்ன கொடுத்தீங்கன்னு மட்டும் கேளுங்க. மீன், நண்டு, கடல், விரதம், இதுல ஒரு வார்த்தைகூட உங்க வாய்லேர்ந்து வரக் கூடாது."

"சொன்னா அவங்களுக்குத்தானே நல்லது?"

"அதனாலதான் சொல்லக் கூடாது. தப்பிக்கற வழியை நாமே எடுத்துக் கொடுத்தா, அவ பதிலுக்கு என்ன மதிப்பு?"

முறைத்தார். பிறகு தலையாட்டிவிட்டுப் போனார். கெட்டிக்காரர் என்று சொன்னேன் அல்லவா.

அந்த ஒலிப்பதிவு பிறகு வழக்குக் கோப்பில் வந்தது. நானே கேட்டேன்.

"வணக்கம்மா. நான் நியூ ஜெர்சிலேர்ந்து பேசற இன்டர்ப்ரெட்டர். உங்க கணவருக்கு நீங்க என்ன குடுத்தீங்கன்னு ஆபீசர் கேக்கறார்."

"அத்தைக்குத் தெரியவே கூடாது" என்றாள் மெர்சி. அப்புறம் மடை திறந்த மாதிரி வந்தது.

"நண்டு குடுத்தேன் மேடம். வயித்தால போயி எந்திரிச்சதுலேர்ந்து அவருக்கு வாய்க்கு ஒண்ணுமே புடிக்கல. நாக்கு செத்துப் போச்சு மெர்சி, ஒரே ஒரு தடவ நண்டு வாங்கிக் குடுன்னு சின்னப் புள்ள மாதிரி கெஞ்சுனாரு. அத்த மாதாவுக்கு நேர்ந்திருக்காங்க. வீட்ல செஞ்சா வாசம் வந்துரும். நான்தான் ஒரு சீஃபுட் கடைல ஆர்டர் பண்ணி, பார்க்கிங் லாட்ல, வேன்லயே உக்காந்து சாப்ட்டோம். நண்டு, இறால், சிப்பி எல்லாம். அவ்ளோ சந்தோஷமா சாப்ட்டாரு. அப்புறம் ரெண்டே நாள்ல கால் போயிருச்சு. மாதாவுக்கு நேர்ந்தத மீறிட்டோம்ல. அவரு கேட்டாரு, நான் வேண்டாம்னு சொல்லியிருக்கணும். நான் குடுத்ததுனாலதான் மேடம். என்னாலதான்."

அதற்குப் பிறகு அழுகைதான். மொழிபெயர்த்த பெண்ணின் குரலும் பாதியில் உடைந்தது.

மறுநாள் அதிகாரி என்னிடம் வந்தார். வேனைச் சோதித்திருக்கிறார். குழந்தையின் கார் சீட்டுக்கு அடியில் ஒரு நண்டுக் கால் கிடந்திருக்கிறது. அதைப் படம் எடுத்துவந்து காட்டினார். "அந்தப் பொண்ணு ஒப்புக்கிட்டது நிஜம்தான் மேடம். ஆனா அது நம்ம கோர்ட்டுக்கு வர்ற கேஸ் இல்லை" என்றார். மின்னிய கண்ணில் இப்போது தூக்கமின்மைதான் தெரிந்தது.

அப்போதும் நான் அவள் நிரபராதி என்று சொல்லவில்லை. நண்டிலேயே விஷம் கலந்து கொடுக்க முடியாதா? முடிவு வரும்வரை வாயைத் திறப்பதில்லை என்று இருந்தேன். அந்த நாட்களில் என் வீட்டில் என்னோடு யாரும் பேச முடியவில்லை. எதைக் கேட்டாலும் வள்ளென்று விழுந்தேன். கடைசியில் ரகம் பிரித்த முடிவு வந்தது. இருந்ததில் ஏறக்குறைய முழுவதும் கடல் உணவின் ஆர்செனிக். பாஷாண ரகம், உங்கள் உடம்பிலும் என் உடம்பிலும் இருக்கிற அளவுக்குமேல் இல்லை. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நரம்பு டாக்டர் சந்தேகப்பட்ட நோய்தான்; சிகிச்சை பிடித்து, அந்தோணிக்கு முதலில் விரல் அசைந்தது, பிறகு சொந்த மூச்சு வந்தது. நடக்க மாதக்கணக்கில் ஆயிற்று.

நாற்காலியில் உட்கார்ந்து எண்களைப் பார்க்கிற நமக்கு, ஒரு பதிலைப் படிக்கும்போது அது எந்த அறையில், யார் முன்னால் சொல்லப்பட்டது என்று கேட்கத் தோன்றாது. கேளுங்கள். அதைவிட முக்கியம், உங்களுக்குப் பிடித்த கதையோடு ஒரு வழக்கு அச்சு அசலாகப் பொருந்தினால், அன்று மட்டும் இரண்டு மடங்கு மெதுவாக வேலை செய்யுங்கள்.

கோடை முடிந்த சமயம், இந்தியன் கடையில் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் தள்ளுவண்டியோடு வந்து நின்றாள். வண்டியில் ஒரு குழந்தை உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி, அந்த லேப்ல இருந்தவங்க நீங்கதான? என் வக்கீல் காட்டுன பேப்பர்ல உங்க பேர் இருந்துச்சு. சர்ச்ல ஒருத்தங்க உங்கள அடையாளம் காட்டுனாங்க. நான் மெர்சி."

வழக்கு முடிந்துவிட்டது, பேசலாம். எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். வாக்கர் வைத்துக்கொண்டு நடக்கிறார், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார் என்றாள். அத்தை ஊருக்குத் திரும்பிவிட்டார். நண்டு விஷயம் அவருக்கும் எப்படியோ தெரிந்துவிட்டதாம்.

"என்ன சொன்னாங்க?"

"விஷம் வச்சேன்னு போலீஸ் சொன்னப்பகூட அவ்ளோ கோவப்படல ஆன்ட்டி" என்றாள். இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு அவள் சிரிப்பு நின்றது.

"ஒண்ணு கேக்கவா? டெஸ்ட் ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி, நீங்க என்னைய நம்புனீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சின்னப் பொய், அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வாய்வரை வந்ததுதான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"இல்லம்மா. உன்னையும் நம்பலை. உன்மேல கை காட்டினவங்களையும் நம்பலை."

மகளின் செருப்பு வாரை அவிழ்த்து, திரும்ப மாட்டினாள். நிமிரவில்லை.

"சர்ச்ல எல்லாரும் 'உன்னை நம்புறோம் மெர்சி'ன்னு கட்டிப் புடிச்சாங்க ஆன்ட்டி. கேஸ் முடிஞ்சும் போச்சு. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர்கூட என் வீட்டுக்கு வந்து ஒரு டீ குடிக்கல."

கறிவேப்பிலையை என் கூடையில் போட்டேன். "சனிக்கிழமை வீட்ல இருப்பியா?" என்றேன்.

போனேன். டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். முதல் டம்ளரை நான் குடித்து முடிக்கும்வரை அவள் எதிரே நின்றுகொண்டே இருந்தாள். நான் இன்னொரு டம்ளர் கேட்டேன்.